ஒரு கீறல், மூன்று வெள்ளி நிறங்கள்: டச்-அப் பெயின்ட் மதிப்புரை

என் காரின் இடது பின்கதவில் ஒரு சாண் நீளக் கீறல் ஒன்றும், பானெட்டின் முன்விளிம்பில் கல் தெறித்த நான்கு புள்ளிகளும் நெடுநாள்களாக இருந்தன. கார் ஒன்பது ஆண்டுகள் பழையது. நிறம் மெட்டாலிக் வெள்ளி. கீறலைவிடப் புள்ளிகளே என்னைக் கவலைப்படுத்தின, ஏனெனில் அவற்றுள் இரண்டில் அடித்தகடு வெளியே தெரிந்து, விளிம்பில் துரு தலைகாட்டத் தொடங்கியிருந்தது. நான்கு மாத இடைவெளியில் மூன்று வகை டச்-அப் பெயின்ட்களை வாங்கி, மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். முதலாவது, கடை அலமாரியில் ஆயத்தமாகத் தொங்கும் பேனா. இரண்டாவது, நிறக் குறியீட்டைச் சொல்லி வரவழைத்த குப்பித் தொகுப்பு. மூன்றாவது, பெயின்ட் கலந்து தரும் கடையில் கருவியால் அளந்து கலக்கச் செய்தது. ஒரே வகைச் சரக்கு பல பெயர்களில் விற்கப்படுவதால், இங்கே நிறுவனப் பெயர்களைத் தவிர்த்து வகைகளைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

பெயின்ட் வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஒரு சோதனையை, இரண்டாவது தொகுப்பு வந்து சேர்ந்த பிறகுதான் செய்தேன். கீறலின் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தபோது, அதில் முக்கால் பங்கு கண்ணுக்கு மறைந்துவிட்டது. ஈரம் பட்டதும் மறையும் கீறல், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது என்று பொருள். அதற்கு வேண்டியது பாலிஷே தவிர பெயின்ட் அல்ல. நகத்தைக் குறுக்காக ஓட்டினால் சிக்கும் இடங்களும், நனைந்த பின்னும் வேறு நிறமாகத் தெரியும் இடங்களும் மட்டுமே பெயின்ட்டுக்கு உரியவை. ஒரு சாண் என்று நான் அஞ்சிய கீறல், மென்மையான பாலிஷ் காம்பவுண்டால் தேய்த்த பிறகு இரண்டு அங்குலமாகச் சுருங்கியது.

நிறத்தின் பெயரைக் கொண்டு பெயின்ட் வாங்க முடியாது என்பது பலருக்குத் தெரிந்திருந்தாலும், எந்த அளவுக்கு முடியாது என்பது வாங்கிப் பார்த்தால்தான் விளங்கும். டொயோட்டா கார்களில் 040 என்பதும் வெள்ளை, 070 என்பதும் வெள்ளை. ஆனால் முன்னது ஒளிர்துகள் எதுவும் கலவாத தட்டையான வெள்ளை, பின்னதோ அடிநிறத்தின் மேல் முத்துப்பொடி கலந்த இன்னொரு படலமும் அதன் மேல் கிளியர் கோட்டும் பூசப்பட்ட மூவடுக்கு வெள்ளை. ஒன்றுக்கு வாங்கிய குப்பியை மற்றதன் மேல் தடவினால், வெள்ளைச் சட்டையில் சுண்ணாம்பு பட்டதுபோல அந்த இடம் தனித்துத் தெரியும். ஆகவே காரில் ஒட்டப்பட்டிருக்கும் குறியீட்டைத்தான் தேட வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் இருக்கும் ஒட்டுத்தாள், பானெட்டின் அடியிலுள்ள தகடு, ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் பெரும்பாலும் டிக்கியில் உபரிச் சக்கரம் இருக்கும் குழியின் ஓரத்து ஒட்டுத்தாள் ஆகியவை வழக்கமான இடங்கள். அந்த ஒட்டுத்தாளில் எஞ்சின், கியர்பாக்ஸ் போன்றவற்றின் எண்களும் நெருக்கமாக அச்சிடப்பட்டிருப்பதால், எது நிறத்துக்குரியது என்று தடுமாற இடமுண்டு. டொயோட்டாவில் இரண்டு குறியீடுகளைப் பிரிக்கும் சாய்கோட்டுக்கு (/) முன்னால் இருப்பது வெளிநிறம், பின்னால் இருப்பது உள்ளிருக்கைத் துணியின் குறியீடு. இரண்டாவதைச் சொல்லிப் பெயின்ட் கேட்டால் கிடைக்காது, அல்லது வேறேதோ வந்து சேரும். 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட சேசிஸ் எண்ணில் நிறம் குறிக்கப்படுவதில்லை என்றாலும், ஒட்டுத்தாள் அழிந்துபோன கார்களுக்கு அந்த எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் சேவை மையத்தில் நிறக் குறியீட்டைப் பெற்றுக்கொள்ளலாம்.

இவ்வளவையும் தெரிந்துகொள்வதற்கு முன்பு வாங்கியதுதான் அந்தப் பேனா. அதன் மேலட்டையில் “வெள்ளி” என்ற ஒரே சொல்தான் இருந்தது. ஒரு வெள்ளைக் காகிதத்தில் கோடு இழுத்துப் பார்த்தபோது, பண்டிகை அலங்காரத் தாளில் ஒட்டும் மினுமினுப்பைப் போல, வெறுங்கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியும் அளவுக்குப் பெரிய துகள்கள் அதில் இருந்தன. நல்ல வேளையாக அதைக் காரில் தடவவில்லை. முனையை அழுத்தினால் ஒரு நேரம் ஒன்றும் வராமலும், மறுநேரம் ஒரு சொட்டு முழுதாகக் கொட்டியும் வேடிக்கை காட்டியது. சைக்கிள் மட்கார்டுக்கு வேண்டுமானால் பயன்படும். காருக்கு வாங்க வேண்டாம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இரண்டாவதாக வந்த குப்பித் தொகுப்பு முற்றிலும் வேறு தரத்தில் இருந்தது. சிறிய பெட்டிக்குள் அடிநிறக் குப்பி ஒன்று, கிளியர் கோட் குப்பி ஒன்று, அடிநிறத்துக்கு முன் பூச வேண்டிய சாம்பல் நிறப் பிரைமர் ஒன்று, எண்ணெய்ப் பசையை நீக்கும் ஈரத்துணி இரண்டு, மெல்லிய வாட்டர் பேப்பர் துண்டுகள் ஆகியவை ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. குறியீடும் நிறத்தின் பெயரும் குப்பியின் மேல் தெளிவாக அச்சாகியிருந்தன. உள்ளே கலக்குவதற்கென்று ஒரு எஃகு உருண்டையும் இருந்தது. அந்த உருண்டை தேவையில்லாத அலங்காரம் அன்று. மெட்டாலிக் பெயின்ட்டில் பளபளப்பைத் தருவது நுண்ணிய அலுமினியத் தகட்டுத் துகள்களே. கனமான அவை குப்பியின் அடியில் படிந்துவிடும். இரண்டு மூன்று நிமிடங்கள் விடாமல் குலுக்காமல் மேலே இருப்பதை மட்டும் எடுத்துத் தடவுபவர், துகள் குறைந்த வேறொரு நிறத்தைத்தான் தடவுகிறார்; குறியீடு தவறு என்று பிறகு குறைகூறுகிறார்.

நானும் அப்படித்தான் குறைகூறினேன். முதல் நாள், பானெட்டின் ஒரு புள்ளியில் அடிநிறத்தைத் தடவிவிட்டு, அது உலர்ந்ததும் பார்த்தால் மங்கலான சாம்பலாக, ஈயம் பூசியதுபோல இருந்தது. விற்பனையாளருக்குச் சற்றுக் காட்டமாகவே மின்னஞ்சல் எழுதினேன். அவர்கள் பொறுமையாக அனுப்பிய பதிலில் இருந்த கேள்விகளைப் படித்தபோதுதான் என் தவறுகள் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. கிளியர் கோட் பூசாத நிலையில் நிறத்தை ஒப்பிட்டிருந்தேன். கிளியர் ஏறும் வரை அடிநிறம் எப்போதும் வெளிறி, பளபளப்பின்றித்தான் இருக்கும், அதன் ஆழம் கிளியர் கோட்டின் வழியாகப் பார்க்கும்போதுதான் தெரியும். காரைக் கழுவி மெழுகையும் அழுக்கையும் துடைக்காமல் ஒப்பிட்டிருந்தேன். அதாவது, பெயின்ட்டைக் காரின் நிறத்தோடு ஒப்பிடாமல், பல மாதத் தூசிப் படலத்தோடு ஒப்பிட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, கார் நிறுத்துமிடத்தின் டியூப்லைட் வெளிச்சத்தில் தீர்ப்பு வழங்கியிருந்தேன். தொழிற்சாலையில் பூசிய பெயின்ட்டிலும் குப்பியிலுள்ள பெயின்ட்டிலும் ஒரே நிறமிகளே இருக்க வேண்டும் என்பதில்லை. வெவ்வேறு நிறமிகளைக் கலந்து ஒரே நிறத்தை எட்டியிருந்தால், பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டும் டியூப்லைட்டில் பிரிந்து தெரியும். புடவைக் கடையில் எடுத்த பொருத்தமான ரவிக்கைத் துணி வாசலுக்கு வந்ததும் பொருந்தாமல் போவதற்கும் இதே காரணம்தான்.

அடுத்த முறை முறையாகச் செய்தேன். தடித்த அட்டையில் அந்தச் சாம்பல் பிரைமரைத் தடவி உலரவிட்டு, அதன் மேல் அடிநிறத்தை மூன்று மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றுக்கும் இடையே இருபது நிமிடம் விட்டுப் பூசி, பாதிப் பகுதியில் மட்டும் கிளியர் ஏற்றினேன். ஒரு நாள் கழித்து அந்த அட்டையைப் பகல் நிழலில் கதவோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். நேருக்கு நேர் நின்று பார்க்கையில் அட்டை எது, கதவு எது என்று சொல்ல ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. ஆனால் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்ததும், கதவு வெளிறி மின்ன, அட்டை ஒரு படி கறுத்தது.

இந்தப் பக்கவாட்டு வேறுபாடுதான் மெட்டாலிக் நிறங்களின் தலைவலி. அலுமினியத் துகள்கள் குட்டிக் கண்ணாடித் தகடுகளைப் போன்றவை. அவை எந்தக் கோணத்தில் படுத்திருக்கின்றனவோ அந்தக் கோணத்தில்தான் ஒளியைத் திருப்பி அனுப்பும். தொழிற்சாலையில் சீரான அழுத்தத்தில் தெளிக்கப்படும்போது அவை ஏறக்குறைய ஒரே சீராகப் படிகின்றன. தூரிகையால் இழுத்தாலோ, சொட்டாக வைத்தாலோ, அவை தாறுமாறாகச் சாய்ந்தும் நிமிர்ந்தும் நின்றுவிடுகின்றன. பெயின்ட்டின் கலவை அணுவளவும் மாறாமல் இருந்தாலும், தடவிய முறை மாறியதாலேயே நிறம் மாறுகிறது. எனவே மெட்டாலிக் காரில் தூரிகையால் செய்த பழுது எல்லாக் கோணங்களிலும் மறைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருளற்றது. கடுகளவு புள்ளியில் அந்த வேறுபாடு கண்ணில் படாது, இரண்டு அங்குலக் கீறலில் பட்டே தீரும். தொகுப்போடு வந்த கையேட்டில் இது ஒரு வரியாவது இருந்திருக்கலாம். “முழுமையான பொருத்தம்” என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட இடம் இருந்தவர்களுக்கு அதற்கு மட்டும் இடமில்லாமல் போய்விட்டது.

கோணத்தால் வரும் வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அட்டையில் மிக மெல்லிய மஞ்சள் சாயல் ஒன்று எஞ்சியிருந்தது. இதைக் கேட்டு எழுதியபோது, குறியீடு சரியானதுதான் என்று மட்டும் பதில் வந்தது. அது உண்மை, ஆனால் என் கேள்விக்கு விடை அன்று. ஒரே குறியீடு கொண்ட நிறம், தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை, ஆண்டுக்கு ஆண்டு, பெயின்ட் வழங்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிதளவு விலகுவது இயல்பு. அதனால்தான் பழுதுப் பெயின்ட் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் ஒரே குறியீட்டின் கீழ் மூல நிறத்தோடு, சற்று நீலம் கூடியது, சற்று மஞ்சள் கூடியது, துகள் பெரியது என்று பல மாற்று வடிவங்களின் கலவைக் குறிப்புகளையும் வைத்திருக்கின்றன. குப்பித் தொகுப்பு விற்பவர்கள் பெரும்பாலும் அவற்றுள் மூல வடிவத்தை மட்டும் அடைத்து விற்கிறார்கள். குறியீடு நிறத்தின் குடும்பப் பெயர் மட்டுமே. அந்தக் குடும்பத்தில் என் கார் யார் என்பதை அது சொல்லவில்லை. போதாததற்கு, ஒன்பது ஆண்டு வெயில் அதன் முகத்தையும் கொஞ்சம் மாற்றியிருந்தது.

பெயின்ட் கலக்கும் கடைக்குப் போனது அதன் பிறகுதான். எரிபொருள் மூடியின் மேல்தகட்டைக் கழற்றி எடுத்துவந்தால் போதும் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள்; ஆனால் அங்கிருந்த கலவையாளர் அதை ஒதுக்கிவிட்டு, காரையே கொண்டுவரச் சொன்னார். பழுதுள்ள இடத்துக்கு அருகிலேயே அளக்க வேண்டும் என்பது அவருடைய வாதம், அது சரியான வாதமும்கூட. பக்கவாட்டில் நிற்கும் மூடியும் நாள் முழுதும் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பானெட்டும் ஒரே அளவு வெயில் குடித்திருப்பதில்லை. பம்பரையோ எடுக்கவே கூடாது. பிளாஸ்டிக்கான அது பெரும்பாலும் வேறிடத்தில், வேறு வெப்பநிலையில் பெயின்ட் செய்யப்பட்டு வந்து சேர்வதால், புதிய காரிலேயே ஃபென்டருக்கும் பம்பருக்கும் மெல்லிய நிற வேறுபாடு இருப்பதை உற்றுப் பார்ப்பவர் காணலாம். எனக்கு அன்றுவரை தெரியவில்லை. அவர் காட்டிய பிறகு எந்த வெள்ளிக் காரைப் பார்த்தாலும் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது, இது ஒரு தொல்லை.

கதவின் ஒரு கையகல இடத்தைப் பாலிஷ் செய்து துடைத்த பிறகு, அவர் திரும்பும் ஒளியைக் கொண்டு நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை அதன் மேல் வைத்து மூன்று இடங்களில் அளந்தார். மெட்டாலிக் நிறங்களுக்கான இத்தகைய கருவி ஒரே கோணத்தில் பார்ப்பதோடு நிற்பதில்லை. 15, 25, 45, 75, 110 பாகை என்று பல கோணங்களில் திரும்பும் ஒளியை அளக்கிறது. அளவுகளைக் கணினியில் ஏற்றியதும், என் காரின் குறியீட்டின் கீழ் ஆறு மாற்று வடிவங்கள் பட்டியலிடப்பட்டன. மிக நெருங்கியதாகக் கணினி காட்டியது நான்காவது. குப்பியில் வந்தது மூல வடிவம் என்பதால், எனக்குத் தெரிந்த மஞ்சள் சாயல் கற்பனையன்று என்று அப்போது உறுதியாயிற்று. அந்த மின்னஞ்சலை எழுதிய கைக்குச் சிறிது மரியாதை திரும்பியது.

கலவையைத் தராசில் கிராமின் நூறில் ஒரு பங்கு வரை நிறுத்துச் சேர்த்து, சோதனை அட்டையில் துப்பாக்கியால் தெளித்துக் காட்டினார்கள். இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். முதல் அட்டையைக் கிளியர் ஏற்றாமலேயே, கடைக்குள் இருந்த விளக்கில் நீட்டி, “சரிதானே?” என்று கேட்டார் உதவியாளர். இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தால் சரி என்று தலையாட்டியிருப்பேன். கிளியர் ஏற்றி வெளியே கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டபோது முகம் சுளித்தாலும் செய்தார். வெளியில் பார்த்தபோது நேர்ப்பார்வையில் சற்றுக் கருமை தெரிந்தது, துகள் கலவையைச் சிறிது கூட்டி இரண்டாவது அட்டை தயாரானது. அந்த அட்டை, நேரிலும் பக்கவாட்டிலும் கதவோடு கரைந்துபோயிற்று. கருவி சொன்னதை இறுதியில் கண்ணால் திருத்தவேண்டியிருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்கிறேன். கருவி கலவைக் குறிப்பைத் தேர்ந்தெடுக்கிறது, துகளின் மினுக்கத்தை மனிதக் கண் பார்ப்பதுபோல அது பார்ப்பதில்லை.

இந்த வகையின் மற்றொரு குறை அளவு. மிகச் சிறிய அளவில் கலக்கும்போது ஒரு சொட்டு கூடினாலும் நிறம் பிசகிவிடுவதால், எனக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அதிகமாகக் கலந்து தந்தார்கள். நான்கு புள்ளிகளுக்கு ஒரு தேக்கரண்டிகூட வேண்டாம். மிச்சம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. காற்றுப் புகாமல் மூடி, வெப்பம் படாத இடத்தில் வைத்தால் சில காலம் தாங்கும் என்றார்கள்.

பூசும் வேலையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும், ஏனெனில் நிறம் சரியாக அமைந்த பின்னும் பழுதைக் காட்டிக்கொடுப்பது மேடுதான். தொழிற்சாலைப் பூச்சு, பிரைமர் முதல் கிளியர் வரை எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான். அதாவது தலைமயிர் இழை ஒன்றிரண்டின் தடிமன். அதில் நிறம் தரும் அடுக்கு 15 மைக்ரான் அளவுக்கு மிக மெல்லியது. அவ்வளவு ஆழமற்ற குழியில், குப்பி மூடியோடு வரும் விளக்குமாறு போன்ற தூரிகையால் தடவினால், பெயின்ட் குழிக்குள் இறங்காமல் சுற்றிலும் வழிந்து திட்டாக நிற்கும். அந்தத் தூரிகையைத் தொடாமல், பல்குத்தும் குச்சியின் கூர்முனையால் தொட்டுத் தொட்டு வைத்தேன். கீறலுக்கு ஓவியர்கள் பயன்படுத்தும் மிக மெல்லிய தூரிகை. துருப்பிடித்த இரண்டு புள்ளிகளை மட்டும் முதலில் கூர்மையாக மடித்த உப்புத்தாளால் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு பிரைமர் வைத்தேன். துருவின் மேல் எந்தப் பெயின்ட்டைப் பூசினாலும் அது உள்ளே தன் வேலையைத் தொடர்ந்து, சில மாதங்களில் மேற்பூச்சைத் தூக்கிவிடும். கிளியர் கோட்டைச் சுற்றுப்புறத்தைவிட மயிரிழை மேடாக விட்டு, ஒரு வாரம் காயவைத்து, 2000, 3000 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துச் சிறு ரப்பர் துண்டில் சுற்றித் தேய்த்துச் சமன்செய்தேன். இது பொறுமைக்குச் சோதனை வைக்கும் கட்டம். பழுதைத் தேய்ப்பதாக எண்ணிக்கொண்டு சுற்றியுள்ள நல்ல கிளியரைத் தேய்த்துத் துளைத்துவிட்டால், புள்ளியாக இருந்த சிக்கல் உள்ளங்கை அளவாகிவிடும்.

என் மதிப்பீடு நிறத்தின் வகையைப் பொறுத்து மாறுகிறது. துகள் கலவாத தட்டையான வெள்ளை, கறுப்பு, சிவப்புக் கார்களுக்குக் குறியீட்டின்படி வரும் குப்பித் தொகுப்பே தாராளமாகப் போதும். கார் மிகப் பழையதாக இருந்து வெளுத்திருந்தால் ஒழிய, கலவைக் கடைக்கு அலைய வேண்டியதில்லை. மெட்டாலிக் காரில் கல் தெறித்த புள்ளிகளுக்கும் குப்பித் தொகுப்பை ஐந்துக்கு மூன்றரை கொடுத்துப் பரிந்துரைக்கிறேன். அரை மதிப்பெண்ணைப் பெட்டியின் மேலுள்ள அந்த வாசகத்துக்காகப் பிடித்துக்கொண்டேன், மிச்சத்தை மாற்று வடிவங்களைப் பற்றி வாய்திறக்காததற்காக. நகத்தளவைவிடப் பெரிய பழுதுக்குக் கலவைக் கடையே சரி. சோதனை அட்டையைக் கிளியர் ஏற்றிப் பகல் வெளிச்சத்தில் காட்ட மறுக்கும் கடையாக இருந்தால் திரும்பி வந்துவிடலாம். மூவடுக்கு நிறங்களுக்கு வாங்குபவர்கள் தொகுப்பில் நிறத்துக்கென்றே இரண்டு குப்பிகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். மஸ்தாவின் 46வி என்ற குறியீடு கொண்ட சிவப்பைப் போல, ஒளியைத் திருப்பும் அடுக்கின் மேல் ஒளிபுகும் சிவப்பு அடுக்கு பூசப்பட்ட நிறங்களில், மேலடுக்கை ஒரு முறை கூடுதலாகத் தடவினாலே சிவப்பு ஆழமாகிவிடும். அத்தகைய நிறத்தை ஒற்றைக் குப்பியில் அடைத்து விற்பவர் எதை விற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

பானெட்டின் நான்கு புள்ளிகளில் மூன்றை இப்போது நானே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நான்காவது, முதல் நாள் அவசரத்தில் மூல வடிவக் குப்பியால் தடவியது, இன்னும் மஞ்சளாக நிற்கிறது. தின்னரால் துடைத்தெடுத்து மறுபடி செய்ய வேண்டும். கதவிலுள்ள இரண்டு அங்குலத்தைக் கலவைக் கடைப் பெயின்ட்டால்தான் தூரிகையில் தடவினேன். நண்பகலில் தெரியவில்லை, மாலை வெயில் சாய்ந்து கதவின் நெடுகே ஓடும்போது மட்டும் மெல்லிய நிழல்போலத் தெரிகிறது. அதையும் மறைக்க வேண்டுமானால், நிறத்தைச் சுற்றுப்புறத்தோடு கரைத்துத் தெளித்து, கதவு முழுவதற்கும் கிளியர் ஏற்ற வேண்டும் என்றார் கலவையாளர். டப்பாவில் பெயின்ட் மிச்சமிருந்தும், இப்போதைக்கு அதை அப்படியே விட்டிருக்கிறேன்.